நான்கு மலை, மூன்று கையெழுத்து

காலை ஆறு மணி, குன்றத்தூர். பல்லாவரத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, எண்பத்து நான்கு படிகளையும் ஏறி முருகன் கோயில் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு மார்ச் மாத ஞாயிற்றுக்கிழமை. காலில் புது கான்வாஸ் ஷூ, தோளில் தண்ணீர் பாட்டில், கையில் நாற்பது பக்க நோட்டு. இந்த நோட்டுதான் அன்றைக்கு என் பிராணனை வாங்கியது.

விஷயம் இதுதான். எங்கள் அலுவலகத்தில் மலையேறும் குழு ஒன்று உண்டு. மே மாதம் இமயமலைக்குப் போகும் பன்னிரண்டு பேரில் ஓர் இடம் காலி. நாற்பது வயதானால் சேர்க்க மாட்டார்கள். எனக்கு நவம்பரில் நாற்பது. இந்த வருஷம் விட்டால் அப்புறம் காலண்டரில்தான் பனிமலையைப் பார்க்க வேண்டும். சேர்வதற்கு ஒரு தேர்வு: குன்றத்தூர் உச்சியில் காலை ஆறு மணிக்குக் கிளம்பி, திருநீர்மலை, பல்லாவரம் மலைகளை ஏறி இறங்கி, பகல் ஒரு மணிக்குள் நெடுங்குன்றம் உச்சியில் நிற்க வேண்டும். தனியாக, நடந்தே. சுமார் இருபத்தேழு கிலோமீட்டர். இவற்றை மலை என்பதே அதிகம்தான். ஆனால் தாம்பரத்துக்காரனுக்கு வேறு எது இருக்கிறது?

முந்தின வருஷம் ஓர் ஆசாமி ஆட்டோவில் சுற்றிவிட்டு நடந்ததாகச் சாதித்துவிட்டார். அதனால் குழுவின் செயலாளர் வரதன் புது விதி போட்டிருந்தார். ஒவ்வொரு உச்சியிலும் அங்கே இருக்கும் ஒருவரிடம் நேரம் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். நடப்பதுதான் கஷ்டம், கையெழுத்து என்ன பிரமாதம் என்று நினைத்த என் புத்தியை எதால் அடிப்பது?

குன்றத்தூரில் பூ விற்றுக்கொண்டிருந்தவர் நோட்டைப் பார்த்ததுமே கையை உதறினார். "வசூலா? போன வாரந்தான் குடுத்தேன். போங்க சார், காலங்காத்தால."

வசூல் இல்லை என்று அவருக்குப் புரியவைக்க ஒன்பது நிமிஷம் ஆயிற்று. கையெழுத்துப் போட்ட பிறகும் நான் படியிறங்குகிற வரைக்கும் சந்தேகமாகவே பார்த்துக்கொண்டிருந்தார்.

காலை 7.35, திருநீர்மலை. அனகாபுத்தூர் வழியாக ஏழு கிலோமீட்டர். வழியில் நாய்கள் என்னை முறைவைத்துத் துரத்தியதால் வேகத்துக்குக் குறைவில்லை. மலைமேல் ஒரே கூட்டம். முகூர்த்த நாள் என்பதை நான் பார்க்கவில்லை. கீழே கல்யாணத்தை முடித்துவிட்டு மாலையும் கழுத்துமாகத் தரிசனத்துக்கு வந்திருந்த ஒரு ஜோடிக்குப் பின்னால் பட்டுச் சட்டைக்காரர் ஒருவர் நின்றார். மாப்பிள்ளையின் மாமாவாம். நோட்டை நீட்டினேன். "சாட்சிக் கையெழுத்தா? குடுங்க" என்று படிக்காமலேயே போட்டார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அடுத்த வாக்கியத்தில் அந்தக் குளிர்ச்சி போய்விட்டது.

"எங்களுக்கும் ஒரு சாட்சி குறையுது சார். வர்றேன்னவர் வரல. கீழ வந்து நீங்க ஒண்ணு போட்டுடுங்க."

"எனக்குப் பையன் யாரு பொண்ணு யாருன்னே தெரியாதே!"

"அதான் பாத்துட்டீங்களே சார்!"

மறுத்தால் நோட்டில் போட்டதை அடித்துவிடுவார் போலிருந்தது. கீழே போனால், கல்யாணப் பதிவுப் பாரத்தை வைத்திருந்த மாப்பிள்ளையின் சித்தப்பா டிபன் சாப்பிடப் போயிருந்தார். அவர் வந்து, கண்ணாடியைத் தேடி, நான் பெயர் தெரியாத இரண்டு பேரின் கல்யாணத்துக்குச் சாட்சி சொல்லி நிமிர்ந்தபோது மணி 8.20. நாற்பத்தைந்து நிமிஷம் போய்விட்டது. கல்கண்டு கொடுத்தார்கள். கோபத்தில் அதைக் கடித்துக்கொண்டே நடந்தேன்.

காலை 9.30, பல்லாவரம். நாகல்கேணித் தோல் பதனிடும் ஆலைகளின் நாற்றத்தை மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டி, மலை ஏறினேன். உச்சியில் தர்காவைக் கூட்டிக்கொண்டிருந்த பாய், கேள்வியே கேட்காமல் கையெழுத்துப் போட்டு, குடிக்கத் தண்ணீரும் கொடுத்தார். அன்றைக்கு நான் சந்தித்த ஒரே நல்ல சகுனம் அவர்தான்.

அங்கிருந்து தாம்பரம் வரை ஏழு கிலோமீட்டர் ஜி.எஸ்.டி. ரோடு. குரோம்பேட்டையில் பக்கத்தில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. ராஜகீழ்ப்பாக்கத்தில் எனக்கு எதிர்வீட்டுக்காரர் சம்பந்தம்.

"ஏறுங்க சார். வீட்டுக்குத்தானே?"

"இல்ல சார், நான் நடக்கணும்."

"டாக்டர் சொன்னாரா? சுகரா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

அவர் போகவில்லை. இரண்டாவது கியரில் உறுமிக்கொண்டு, சானடோரியம் ஸ்டேஷன் வரைக்கும் என் கூடவே வந்தார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "வீட்ல ஏதாவது பிராப்ளமா சார்? மனசு விட்டுச் சொல்லுங்க" என்றார். என் மனசில் இருந்ததை விட்டுச் சொல்லியிருந்தால் அவர் எதிர்வீட்டைக் காலிசெய்துவிட்டுப் போயிருப்பார். அன்று மாலைக்குள், நான் கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்பிவிட்ட செய்தி எங்கள் தெரு முழுக்கப் பரவியிருந்தது. என் மனைவிக்குத்தான் கடைசியில் தெரிந்தது.

பகல் 11.50, பெருங்களத்தூர். பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் எருமைகள் கழுத்தளவு தண்ணீரில் சுகமாகக் கிடந்தன. எனக்குக் குதிகாலில் கொப்புளம். நின்றபடியே ஒரு டீயை ஊற்றிக்கொண்டு கிழக்கே திரும்பினேன். நெடுங்குன்றம் அடிவாரத்தில் பொட்டலெங்கும் மஞ்சள் பெயிண்ட் அடித்த மனை எல்லைக் கற்கள். நடுவில் ஒரு போர்டு: 'ஸ்டேஷனிலிருந்து ஐந்தே நிமிடம்.' நான் ஸ்டேஷனிலிருந்து நாற்பது நிமிஷம் ஓட்டமும் நடையுமாக வந்திருந்தேன். இதை எழுதியவன் ஹெலிகாப்டரில் வந்தானோ என்னவோ.

பகல் 12.48. உச்சிக்கு வந்துவிட்டேன். முள்ளும் கல்லும் கிழித்து முழங்காலில் ரத்தம். ஆனால் வந்துவிட்டேன், பன்னிரண்டு நிமிஷம் மீதி! ஒரு புதரின் அரை நிழலில் ஆடு மேய்க்கும் அம்மாள் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். பெயர் தேசம்மா என்றார். மூச்சு வாங்க விஷயத்தைச் சொல்லி, கடிகாரத்தைக் காட்டி, நோட்டை நீட்டினேன்.

"கையெழுத்து மட்டும் கேக்காத சார்."

"எழுதத் தெரியாதுன்னா ரேகை வச்சாலும் போதும்கா."

"தெரியாம இன்னா? அஞ்சாவது வரிக்கும் படிச்சிகீறேன். அதான் போட மாட்டேன்றேன்."

"வெறும் நடந்ததுக்குத்தான்கா. வேற எதுக்கும் இல்ல."

"அவனும் அப்டித்தான் சொன்னான். இதே மாரி நோட்டு எடுத்துகினு, ஷூ போட்டுகினு வந்தான். ரோடு வரப்போவுது, வேணும்னு ஊரே கேக்கறா மாரி ஒரு கையெழுத்துன்னான். எங்க வூட்டுக்காரு போட்டாரு, நானும் கீழ போட்டேன்." அவர் கையை நீட்டிக் காட்டினார். "தோ, மஞ்சக் கல்லு கீது பாரு. அதான் அன்னி வரிக்கும் எங்க வேர்க்கடலக் கொல்ல."

எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். உண்மையைச் சொல்கிறேன், ஆத்திரம்தான் வந்தது. இருபத்தேழு கிலோமீட்டர் நடந்து வந்தவனுக்கு இன்னொருவரின் கொல்லைக் கதையைக் கேட்கவா நேரம்? சுற்றிலும் வேறு ஆள் இல்லை. கெஞ்சினேன். கும்பிட்டேன். கடைசியில் கத்தியும் விட்டேன். ஆடுகள்தான் மிரண்டன. ஒரு மணி தாண்டி நான்கு நிமிஷமானபோது நோட்டை மூடினேன்.

தேசம்மா எழுந்து என் முழங்காலைப் பார்த்தார். "இன்னா பேஜாரா கீதே சார் உன் பாடு. உங்க ஆபீசு எங்க கீது? நீ வந்தத நா கண்ணால பாத்தேன். நேர்ல வந்து சொல்றேன்."

பீச் ஸ்டேஷன் பக்கம் என்று விலாசத்தைச் சொன்னேன். வரப்போவதில்லை என்றுதான் நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு வந்து நின்றார். ஆடுகளைப் பக்கத்து வீட்டில் விட்டு, தாம்பரத்தில் ரயில் மாறி வந்திருந்தார். வரதன் முன்னால் உட்காராமலே சொன்னார்: "இந்த சார் ஞாயித்துக்கெழம எங்க மலைக்கு வந்துச்சி. பன்னெண்டே முக்கா தாண்டி மூணு நிமிசம். முள்ள நா பாத்தேன். காலெல்லாம் ரத்தம்."

வரதன் முகம் மலர்ந்தது. "ரொம்ப சந்தோஷம்மா. நேர்ல பார்த்த சாட்சியே வந்தாச்சு." ஒரு வெள்ளைத்தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார். "இதையே ரெண்டு வரி எழுதி, கீழ ஒரு கையெழுத்து போட்டுக் குடுத்துடுங்க."

தேசம்மா தாளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

நான் அந்தத் தாளை எடுத்து நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். "வேண்டாம் சார், வேற ஆளைப் போட்டுக்குங்க" என்றேன். மே மாதம் பன்னிரண்டாவது ஆளாக வேறொருவர் போய் வந்து, பனிக்கு நடுவில் நிற்கும் போட்டோவை எல்லோருக்கும் காட்டினார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஸ்டேஷன் வரைக்கும் தேசம்மாவுடன் போனேன். அவர் எனக்கு முன்னால் நடந்தார். அந்த வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. கொப்புளம் இன்னும் ஆறவில்லை. பிளாட்பாரத்தில் திரும்பிக் கேட்டார்: "நாந்தான் வாயால சொன்னனே சார். அது பத்தலியா?"

திருநீர்மலையில் நான் கண்ணை மூடிக்கொண்டு போட்ட கையெழுத்தில் இரண்டு பேர் புருஷன் பெண்டாட்டியாகக் குடித்தனம் நடத்திக்கொண்டிருப்பார்கள். கண்ணால் பார்த்துவிட்டு, ரயிலேறி வந்து சொன்னவரிடம் நான் என்ன பதில் சொல்வது? தாம்பரம் வண்டி வந்தது. "எனக்குப் பத்தும்கா" என்றேன். சத்தத்தில் அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.