பூட்டிய கணக்கைக் கர்த்தர் திறந்தார்

போன வருஷம் ஜூலை மாதம், என் மகள் மேரியின் படிப்பு அவ்வளவுதான் என்று அழுதேன். திருப்பத்தூரில் நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. பணம் கட்டப் பத்து நாள் கெடு. பணம் இல்லாமல் அழவில்லை. இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல். ஜவ்வாது மலையில் பள்ளி விடுதியில் சமைத்து நான் சேர்த்த பணம், என் பெயரில் வங்கியில் கிடந்தது. எடுக்க விடவில்லை.

அடிவாரத்து வங்கி அது. பெயர் வேண்டாம், சொல்ல வாய் கூசுகிறது. காலை பஸ்ஸில் இறங்கிப் போனேன். கவுன்டரில் இருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "லீன் இருக்கும்மா, எடுக்க முடியாது" என்றார்.

என் காதில் 'லைன்' என்று விழுந்தது. எங்கள் மலையில் நெட்வொர்க்குக்கு லைன் என்றுதான் பேர். அந்த வங்கியில் பாதி நாள் "லைன் இல்ல, நாளைக்கு வா" என்றுதான் அனுப்புவார்கள்.

"லைன் இருக்குதுன்னா குடுங்க சார், பஸ் போய்டும்" என்றேன்.

அவர் சிரித்தார். பக்கத்து மேசைக்காரரும் சிரித்தார். "இருக்கறதுதாம்மா பிரச்சனை. அது போனப்புறம் வா."

படித்தவர்கள் சொன்னால் சரியாக இருக்கும் என்று திரும்பிவிட்டேன். எட்டு நாள் காத்திருந்தேன். லைன் போகட்டும் என்று காத்திருந்த ஒரே மலைக்காரி நானாகத்தான் இருப்பேன்.

புதன்கிழமை மறுபடி போனபோது மேனேஜர் விளக்கினார், அதுவும் செல்போனைப் பார்த்துக்கொண்டே. லீன் என்றால் கணக்கில் உள்ள பணத்தைத் தொட விடாமல் பிடித்து வைப்பதாம். நான் ஆட்டுக் கடன் வாங்கிக் கட்டவில்லையாம்.

"நான் எந்தக் கடனும் வாங்கலீங்க. என்னை ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"காளியம்மாள், கணவர் கோவிந்தன், ஜவ்வாது மலை. நீங்கதானே? பேங்குக்கு உரிமை இருக்கு. உங்க பர்மிஷன் தேவையில்ல."

ஞானஸ்நானத்தில் நான் எஸ்தர் ஆனேன். வங்கியில் பழைய பெயர்தான். எங்கள் மலையில் ஊருக்கு நாலு காளியம்மாள். அதில் பாதிப் பேருக்குப் புருஷன் கோவிந்தன். கடன் வாங்கினவள் கணக்கைப் பிடிக்க உரிமை இருக்கட்டும். வாங்காதவள் கணக்கை? அடுத்தவன் ஆடு கலந்துவிட்டால் எங்கள் ஆட்டுக்காரன் காதில் போட்ட அடையாள வெட்டைப் பார்த்துப் பிரித்துவிடுவான். ஏசி ரூமில் உட்கார்ந்திருக்கிற இவருக்கு அந்த அறிவு இல்லை.

வெள்ளிக்கிழமை கடைசி நாள். வீட்டுக்கு வந்து நான் சொன்னதைக் கேட்ட மேரி, எடுத்து வைத்திருந்த பையைப் பிரித்து, துணிகளைத் திரும்ப அலமாரியில் அடுக்கினாள். சமையல்கட்டில் முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, அந்த ஆளு முன்னால எனக்கு நாக்கு ஒட்டிக்குது. நீரே வந்து பேசும்."

வானத்திலிருந்து குரலெல்லாம் கேட்கவில்லை. எழுந்தபோது மனசில் ஒன்றே ஒன்று இருந்தது. கடன் வாங்கின காகிதத்தைக் காட்டச் சொல்.

வியாழக்கிழமை போனேன். எப்போதும் கைகட்டி நிற்கிறவள், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"அந்தப் பத்திரத்த காட்டுங்க."

"அதெல்லாம் காட்ட மாட்டோம்."

"கடன் மட்டும் என்னுது, காகிதம் என்னுது இல்லியா? காட்டற வரைக்கும் எழுந்திரிக்க மாட்டேங்க."

சாப்பாட்டு நேரம் வந்தது. அவருக்குப் பசித்திருக்கும். ஃபைல் வந்தது. அதில் யாரோ ஒரு பெண்ணின் போட்டோ. கடைசிப் பக்கத்தில் கட்டைவிரல் ரேகை.

நான் இருபது வருஷமாகக் கையெழுத்துப் போடுகிறவள். அவர் பேனாவையே வாங்கி, கோணல்மாணலாக அவர் கண் முன்னால் போட்டுக் காட்டினேன். ரேகையையும் கையெழுத்தையும் மாறி மாறிப் பார்த்தார் மனுஷர். அரை மணி நேரத்தில் கணக்கை விட்டார்கள். "சிஸ்டம் மிஸ்டேக்" என்றார். சிஸ்டமாம். ஒரு ஸாரி வரவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் பணம் கட்டினோம். மேரி இப்போது இரண்டாம் வருஷம் படிக்கிறாள்.

போட்டோவில் பார்த்த காளியம்மாளையும் தேடிப் போனேன். அவளுடைய ஆடுகள் நோயில் செத்திருந்தன. ஆட்டுக் காப்பீடு கேட்கலாம் என்றே அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அவளையும் கூட்டிப் போய் அதே மேனேஜர் எதிரில் உட்கார்ந்தேன். காப்பீட்டு மனுவை வாங்கிக்கொண்டார்கள். முன்பெல்லாம் என் காரியத்துக்கே வாய் வராது எனக்கு.

சகோதர சகோதரிகளே, வாய் வராதவர்களுக்கு வாய் கொடுக்கிற ஆண்டவர் நமக்கு இருக்கிறார். நம்பிக் கேளுங்கள். கேட்டுவிட்டு எழுந்து போங்கள். எனக்கு இன்னும் ஒரு விண்ணப்பம் பாக்கி இருக்கிறது. அந்த மேனேஜரை மன்னிக்க வேண்டும் என்கிறார் பாஸ்டர். ஒரு வருஷமாக ஜெபிக்கிறேன், மனசு வரமாட்டேன் என்கிறது. நீங்களும் எனக்காக ஜெபியுங்கள்.