முழுப் புத்தியோடு காலி செய்த வீடு

ராஜேஸ்வரிக்குக் கடைசிக் காலத்தில் புத்தி கலங்கிவிட்டது, அதனால்தான் வீட்டில் இருந்ததையெல்லாம் வாரிக் கொடுத்துவிட்டுப் போனாள் என்று ஆரணியில் சிலர் பேசுகிறார்கள். அது தவறு. அவள் என் ஓரகத்தி. என் கணவருடைய தம்பியின் மனைவி. எதிரெதிர் வீடுகளில் மருமகள்களாக நுழைந்து, அதே வீடுகளில் விதவைகளானோம். அவளுடைய புத்தியைப் பற்றிச் சொல்ல என்னைவிட உரிமையுள்ளவர் யாரும் இல்லை. நினைவு மலருக்குச் சில வரிகள் வேண்டும் என்று கேட்ட அவள் மகன் சேகர், "கடைசி ரெண்டு வருஷத்த மட்டும் விட்டுடுங்க பெரியம்மா" என்றான். நான் எழுதப்போவது அந்த இரண்டு வருஷத்தைப் பற்றித்தான்.

அவள் போன அன்று காலை பால் எடுக்கக் கதவைத் திறந்தபோது, எதிர் வீட்டு வாசலில் தேவகி செருப்பில்லாமல் நின்றுகொண்டிருந்தாள். ராஜேஸ்வரியின் மாடி அறையில் வாடகைக்கு இருக்கும் பெண். கடைத்தெருவில் பட்டுக்கடை ஒன்றில் பில் போடுகிறாள். பெற்றோர் பெரணமல்லூர்ப் பக்கம் கூலி வேலை செய்பவர்கள். "டீச்சரம்மா, அம்மா எந்திரிக்கவே இல்ல. ஒடம்பு ஜில்லுன்னு இருக்குது" என்றாள். போய்ப் பார்த்தேன். தூக்கத்திலேயே போயிருந்தாள். சாவு வீட்டில் விளக்கைத் தேடுவார்கள், வெள்ளைத் துணியைத் தேடுவார்கள், சாவியைத் தேடிக் கத்துவார்கள். அந்த வீட்டில் யாரும் எதையும் தேடவில்லை. எல்லாம் கண்ணெதிரே இருந்தது. வீட்டை ஒழிக்க ஒரு வாரம் லீவு போட்டு வந்த சேகருக்கு அரை நாள்கூட வேலை இல்லை. அதை அவமானம் என்று நினைக்கிறான். ஒரு தாய் மகனுக்குச் செய்யக்கூடிய பெரிய உபகாரம் அது என்பது அவனுக்கு இன்னும் புரியவில்லை.

எல்லாம் ஒரு பீரோவில் ஆரம்பித்தது. பட்டு நெய்து கடை வைத்து விற்ற எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக ஒரு கரை போட்டு நெய்தால், தறியிலிருந்து இறங்கும் முதல் புடவையை விற்பதில்லை. வெள்ளைத் துணியில் சுற்றிப் பீரோவில் வைத்துவிடுவார்கள். கட்டவும் கூடாது, பிரிக்கவும் கூடாது. கடைக்கு வருகிறவர்களிடம் மட்டும், "மூணு மாசத்துக்கு ஒரு தபா மடிப்ப மாத்துங்க, இல்லன்னா பட்டு வுட்டுப்பூடும்" என்று ராஜேஸ்வரியின் கணவர் வாய் ஓயாமல் சொல்லுவார். அவர் போன மறுவருடம் அவள் அந்தப் பீரோவைத் திறந்து, ஒரு மயில்கழுத்து நிறப் புடவையை உதறினாள். மடிப்பு மடிப்பாகப் பிளந்து, நாடா நாடாவாகத் தொங்கியது. அடுத்ததும் அப்படியே. நான் பதறிப்போனேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து சிரித்தாள்.

"ஊருக்கெல்லாம் பட்டு வித்தோம் அக்கா. நம்ம வூட்டுப் பட்ட நாமளே பூட்டி வெச்சிக் கொன்னுட்டோம்."

மறுநாள் பிழைத்திருந்த புடவைகளைக் கட்டிலில் பரப்பி, தெருப் பெண்களைக் கூப்பிட்டு எடுத்துக்கொள்ளச் சொன்னாள். அதன் பிறகு பாத்திரம், கட்டில், பரண்மேல் கிடந்த சாமான் எல்லாம் வெளியே போயின. கண்மூடித்தனமாக அல்ல. கேட்கிறவர்களிடம் ஒரே கேள்விதான் கேட்பாள்: "இது ஒனக்கு தெனம் ஒதவுமா?" எங்கள் நாத்தனார் சுசீலா பெரிய பித்தளை அண்டாவைக் கேட்டாள்.

"எதுக்குடி ஒனக்கு அண்டா?"

"எங்க அம்மா ஞாபகமா வெச்சிக்கறேன் சின்ன அண்ணி."

"ஒங்க அம்மாவ ஞாபகம் வெச்சிக்க அண்டா வேணுமா ஒனக்கு? இங்க மூலையில கெடந்தது அங்க மூலையில கெடக்கும். அதுக்கு எதுக்கு ஆட்டோ?"

அண்டா தெருமுனையில் இட்லி விற்கும் அம்மாளுக்குப் போனது. தினமும் அதில் மாவு பொங்குகிறது. புத்தி கலங்கியவள் செய்கிற காரியமா இது?

கொடுத்ததைப் பற்றி அவள் பிறகு விசாரித்ததே இல்லை. ஒருத்தி பட்டுப்புடவையை வெட்டி ஜன்னலுக்குத் திரையாகத் தைத்துவிட்டாள் என்று சுசீலா மூச்சிரைக்க வந்து சொன்னாள். "ஜன்னல்ல காத்தாவது வருது. பீரோவுல இன்னா வந்துச்சி?" என்று கேட்டுவிட்டு ராஜேஸ்வரி முருங்கைக்கீரை ஆய்வதைத் தொடர்ந்தாள்.

சாமான்களோடு அவள் நிறுத்தவில்லை. குடும்ப வாட்ஸ்ஆப் குழுவிலிருந்து ஒருநாள் விலகிக்கொண்டாள். யார் வீட்டு விசேஷத்தில் யார் யாரை மதிக்கவில்லை என்பதைத் தவிர அதில் எதுவும் வருவதில்லை. "காத்தாலருந்து ராத்திரி வரைக்கும் பேஜார் அக்கா. வேணாத பேச்சும் சாமான்தான். அதுவும் எடத்த அடைக்குது" என்றாள். புத்தி கலங்கிவிட்டது என்ற பேச்சு பிறந்தது அந்த வாரம்தான் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். புடவைகளை மன்னித்தவர்கள் அந்தக் குழுவை மன்னிக்கவில்லை.

என்னையும் அவள் விட்டுவைக்கவில்லை. என் கணவரின் ஸ்கூட்டரை அவர் போன பிறகும் உறை போட்டு வாசலில் வைத்திருந்தேன். வாராவாரம் துடைப்பேன். ஒருநாள் உறையைத் தூக்கிப் பார்த்து, "மாமா இதுல திரும்பி வருவாருன்னு தொடச்சி வெக்கறீங்களா?" என்றாள். நான் பத்து நாள் அவளோடு பேசவில்லை. அவள் சமாதானத்துக்கும் வரவில்லை. பிறகு ஸ்கூட்டரைக் களம்பூர் மில்லில் வேலை செய்யும் ஒருவருக்குக் கொடுத்தேன். அது நின்ற இடத்தில் இப்போது மாலையில் நாற்காலி போட்டு உட்காருகிறேன். அந்த வாசலில் வெயில் இவ்வளவு அழகாக இறங்கும் என்பது எனக்குத் தெரியாமலே இருந்தது.

இனி, இந்த மலரில் வரக்கூடாது என்று சிலர் நினைக்கிற விஷயத்துக்கு வருகிறேன்.

அவளிடம் கடைசியாக மிஞ்சியது அவளுடைய கூறைப்புடவை. அரக்கு நிறம், கெட்டிச் சரிகை. கணவர் இருந்தவரை எல்லா விசேஷத்துக்கும் அதைத்தான் கட்டினாள். காற்றும் வெயிலும் பட்டதால் ஒரு நூல்கூட விடவில்லை. தேவகிக்குக் கல்யாணம் நிச்சயமானதும், என் முன்னால் அதை எடுத்து அவள் கையில் வைத்தாள். அந்தப் பெண் தயங்கினாள்.

"அம்மா, எங்க வூட்ல எதுனா சொல்லுவாங்கம்மா…"

"இன்னா சொல்லுவாங்க? வெதவ புடவன்னா? நான் அத்த கட்டினப்ப வெதவையா இருந்தேனா? கட்டிகினு எப்டி வாழ்ந்தேன்னு இந்தத் தெருவக் கேளு."

தேவகியின் அம்மா கேள்விப்பட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து வந்தார். புடவையைத் தொட்டுப் பார்த்தார், ராஜேஸ்வரியைப் பார்த்தார். "நல்லா வாழ்ந்தவங்க புடவ. எம் பொண்ணு கட்டட்டும்" என்றார். அவ்வளவுதான். அந்த வீட்டில் நான் பார்த்த கடைசிக் கொடுக்கல் அது.

காரியத்தன்று, பந்தி நடந்துகொண்டிருக்கும்போது, சுசீலா மாடிக்குப் போய்விட்டு அக்குளில் ஒரு பொட்டலத்தோடு இறங்கி வந்தாள்.

"என்ன அது?" என்றேன்.

"ஒங்களுக்கு இன்னாத்துக்கு பெரிய அண்ணி? புத்தி சரியில்லாதப்ப குடுத்தது, வாங்கிகினு வந்துட்டேன்."

"அவளுக்குப் புத்தி சரியில்லை என்று எந்த டாக்டர் சொன்னார்?"

"டாக்டர் வேற சொல்லணுமா? நம்ம வூட்டு கூறைப் புடவ கூலிக்காரன் வூட்டுக்குப் போவுறதா? சரியா இருந்தா குடுப்பாங்களா?"

உண்மைக் காரணம் அதுதான். புத்திக் கலக்கம் என்பது அதன்மேல் போர்த்திய துணி. மாடிக்கு ஏறிப் போனேன். தேவகி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். "அவங்க வூட்டுப் பொருள், கேட்டாங்க, குடுத்துட்டேன். நீங்க சண்ட போடாதீங்க டீச்சரம்மா" என்றாள். அவள் வேறு புடவை வாங்கிக்கொள்வாள். சொந்தச் சம்பளம் இருக்கிறது. ஆனால் பைத்தியக்காரியிடமிருந்து ஏமாற்றி வாங்கியவள் என்ற பெயரோடு அவள் மணையில் உட்கார வேண்டுமா? ஒருத்தி தெளிந்த மனத்தோடு செய்த காரியம் நோயென்று எழுதப்பட வேண்டுமா? இரண்டுக்கும் நான் சம்மதிக்க மாட்டேன். ராஜேஸ்வரியை அறிந்தவர்களும் சம்மதிக்கக் கூடாது.

எனக்கு அவள் எதையும் கொடுக்கவில்லை. "ஒங்க வூட்ல இருக்கறதே ஜாஸ்தி" என்றுவிட்டாள். ஆகவே அவளுடையது என்று என்னிடம் ஒரு கரண்டிகூட இல்லை. நான் வைத்துக்கொள்வது அவளுடைய சிரிப்பை: கிழிந்த பட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, இழந்ததற்கு அழாமல், முட்டாள்தனத்தைப் பார்த்துச் சிரித்த அந்தச் சிரிப்பை. கொடுத்த பிறகு திரும்பிப் பார்க்காத அவள் கழுத்தின் நிமிர்வையும் வைத்துக்கொள்கிறேன். எனக்கு அது போதும்.

சுசீலா, இந்த மலர் உன் கைக்கும் வரும். நான் டீச்சராக வேலை பார்த்த கான்வென்ட்டில் எங்கள் சிஸ்டர்கள் வாயால் சொல்லும் புகாரை ஏற்க மாட்டார்கள். எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். எழுத உட்கார்ந்ததும் பாதிப் புகார்கள் காணாமல் போகும். தேவகியின் கல்யாணம் தை மாதம். அந்தப் புடவையை என்றைக்கு அவள் கையில் திருப்பிக் கொடுப்பாய்? கொடுக்க மாட்டாய் என்றால், ஏன்? போனில் வேண்டாம். எழுதிக் கையெழுத்திட்டு எனக்கு அனுப்பு.