அலுமாரிக்குள் எரிந்த பல்ப்

யுத்த காலத்தில் கண்டியில் ஒரு லேசர் பிரிண்டரை வைத்துச் சின்னதாய் அச்சுக்கடை நடத்தினேன். ஹந்தானை மலையிலிருந்து இறங்கும் மழைக்குளிரில் கடதாசி ஈரம் பிடித்து, மெஷினுக்குள் சுருண்டு சிக்கும். அதனால் கட்டுகளை அலுமாரிக்குள் பூட்டி, உள்ளே ஒரு பல்பையும் எரியவிட்டிருந்தேன்.

சோதனைக்கு வந்த ஆமிக்காரன் முதலில் என் அடையாள அட்டையைப் பார்த்தான். பிறந்த ஊர் யாழ்ப்பாணம். அடுத்து, பூட்டிய அலுமாரிக்குள் போகும் வயரைப் பார்த்தான். துவக்கை என் முதுகில் வைத்துத் திறக்கச் சொன்னான். திறந்தேன்.

பல்ப் எரிந்துகொண்டிருந்தது. கடதாசி காய்ந்திருந்தது. அவன் சிரித்துவிட்டுப் போனான்.

எனக்கோ என்மேலேயே ஆத்திரம். பல்புக்காக அந்த வயரை இழுத்தவன் நான். பூட்டில் திறப்பைத் திருப்பும்போது, குண்டு வெடித்துவிடும் என்று கண்ணை இறுக்கி மூடியவனும் நான்தான்.