மணற்காட்டுக் கூழ்

உடுவில் சோமசேகரத்தாரைத் தோட்டத்தை விட்டுக் கிளப்புறது லேசுப்பட்ட காரியமில்லை. மனுசன் விடியப் போய்த் தண்ணி மெஷினைத் தட்டினால் பொழுதுபட்டுத்தான் வீட்டுப் பக்கம் தலை காட்டுவார். கலியாண வீடெண்டாலும் பந்தி நேரத்துக்குப் போய், கழுவின கை காய முதல் திரும்பி வந்து வெங்காயத்துக்குத் தண்ணி கட்டுற ஆள். "உவர் செத்தாலும் பாடையிலை எழும்பியிருந்து, மெஷினை நிப்பாட்டினதோ எண்டு கேட்டுட்டுத்தான் திரும்பப் படுப்பார்" எண்டு அவற்றை மனுசி தயாளினியே சொல்லிச் சிரிக்கிறவ.

அப்பிடிப்பட்டவரை வருஷத்துக்கு ஒருக்கால் கடற்கரைக்கு இழுத்துக்கொண்டு போறது அந்த மனுசியின்ரை கெட்டித்தனம். தயாளினி வல்வெட்டித்துறைப் பெட்டை. கடலைப் பாத்து வளந்தவ, கலியாணம் முடிச்சு வந்து செம்பாட்டு மண்ணிலை மாட்டுப்பட்டுப்போனா. வந்த வருஷமே கறாராய்ச் சொல்லிப்போட்டா: "உங்கடை தோட்டத்தை நான் வருஷம் முழுக்கப் பாக்கிறன். மூண்டு நாள் நீங்கள் என்ரை கடலைப் பாக்க வேணும்." அண்டையிலிருந்து வெங்காயம் கிண்டி முடிய, நல்லூர்க் கோயில் திருவிழாவுக்குக் கொடி ஏற முதல், மணற்காட்டுக்குப் போறதெண்டு வழக்கமாய்ப் போச்சு. கொடி ஏறினால் வீட்டிலை மீன், மச்சம் புழங்கேலாது. பிறகு கடற்கரைக்குப் போய் என்ன, கத்தரிக்காயோ தின்னிறது?

தாய் வீடு கடற்கரையிலை இருக்கேக்கை ஏன் மணற்காடு எண்டு ஆரும் கேட்டால், "தாய் வீட்டை போனால் நான் அடுப்படியிலைதான் நிக்க வேணும், உது என்ன விடுமுறை?" எண்டு கேப்பா. ஞாயமான கதைதான். மணற்காட்டிலை அடைக்கலநாதன் எண்டு ஒரு கடற்றொழிலாளி, சவுக்கந்தோப்புக்குப் பக்கத்திலை சின்ன வீடொண்டு வாடகைக்கு விடுறவர். வருஷா வருஷம் அதே வீடு, அதே அடைக்கலநாதன், அதே புறுபுறுப்போடை வான் ஏறுற சோமசேகரத்தார். அங்கை போனாப் பிறகு கடலுக்குள்ளை இறங்கினால் மனுசனைத் திரும்ப வெளியிலை எடுக்கேலாது, அது வேறை கதை.

இந்த முறை எல்லாம் தலைகீழாய்ப் போச்சு. போன வருஷம் கடற்கரைக்குப் போட்டு வந்த கையோடை தயாளினிக்குக் கழுத்திலை ஒரு கட்டி. தெல்லிப்பழை ஆசுப்பத்திரியிலை ஒப்பரேசன், பிறகு கதிர்ச் சிகிச்சை. டொக்டர்மாரும் நேர்ஸ்மாரும் சொந்தப் பிள்ளையள் மாதிரி நிண்டு பாத்தினம். வருத்தம் போட்டுது. ஆனால் போகேக்கை அவவின்ரை நாக்கு ருசியையும் சேத்துக் கொண்டு போட்டுது. "சிலருக்குக் கெதியிலை திரும்பும், சிலருக்குச் சுணங்கும், சிலருக்கு முழுக்க வராமலும் விடும், ஐயா" எண்டு டொக்டர் ஒளிக்காமல் சொன்னவர்.

மாதக்கணக்காய்ப் போச்சு. சோறும் ஒண்டுதான், கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் ஒண்டுதான். "கடதாசி சப்பின மாதிரிக் கிடக்கு" எண்டு ரெண்டு வாயோடை கோப்பையைத் தள்ளி வைச்சிடுவா. ஆள் மெலிஞ்சு சட்டைக் கை தொளதொளத்துப் போச்சு. வருத்தம் கொல்லாத மனுசியைப் பட்டினி கொண்டுபோயிடுமோ எண்டு சோமசேகரத்தாருக்கு ஒரே பயம். தண்ணி கட்டிக்கொண்டு நிக்கேக்கையும் அதே நினைப்பு, வாய்க்கால் உடைச்சுப் பாயிறதும் தெரியாது. தயாளினி ஒருக்கால் ருசிச்சுச் சாப்பிட வேணும். அதுக்கு மேலை அவர் கடவுளிட்டை ஒண்டும் கேக்கேல்லை.

"இந்த வருஷம் நான் வரேல்லை. நீங்களெல்லாம் நண்டு உடைச்சுத் தின்ன நான் வாய் பாக்கவோ?" எண்டு தயாளினி மறுத்தா.

"நீர் வந்து சும்மா இரும். கடலைப் பாக்கிறதுக்கு நாக்கு வேணுமோ?" எண்டார் சோமசேகரத்தார்.

"தோட்டம்?"

"தோட்டம் எங்கை ஓடிப்போகப் போகுது? கிடக்கட்டும்."

முப்பது வருஷத்திலை இந்த வாயிலை இருந்து இப்பிடி ஒரு சொல்லு வந்ததில்லை. அதைக் கேட்டுத்தான் தயாளினி உடுப்பு அடுக்கத் தொடங்கினா. மகள் ஆரணியும் மருமகன் சிவதர்ஷனும் வானோடை வந்து சேந்தினம்.

வழமையாய் நெல்லியடியிலை வான் நிண்டால் சீலைக்கடைக்காரருக்கு அண்டைக்குச் சனி பிடிச்சுதெண்டு அர்த்தம். தட்டிலை கிடக்கிறதெல்லாத்தையும் இறக்குவிச்சு, வெளிச்சத்திலை பிடிச்சுப் பாத்து, கடைசியிலை முதல் காட்டின சீலையைத்தான் தயாளினி எடுப்பா. சோமசேகரத்தார் வாசலிலை நிண்டு பல்லை நெருமுவார். இந்த முறை அவ கதிரையிலை இருந்துகொண்டு, விரிச்ச முதல் சீலையைப் பாத்து, "ஓம், உது காணும்" எண்டா. மனுசன் வாசலை விட்டு உள்ளை வந்தார்.

"என்ன உது காணும்? மேல் தட்டிலை இருக்கிறதையும் இறக்குங்கோ" எண்டு கடைக்காரரை அவரே விரட்டத் தொடங்கினார். சீலையைப் பற்றி அந்த மனுசனுக்கு என்ன மண் தெரியும்? தேடித் தேடிக் கடைசியிலை வெங்காயக் கலரிலை ஒண்டைத் தூக்கிக் காட்டினார்.

"உதைக் கட்டினால் என்னையும் சாக்கிலை போட்டுச் சந்தைக்கு அனுப்பிப்போடுவியள்" எண்டு தயாளினி சொல்ல, கடையே சிரிச்சுது. அவரும் சிரிச்சார். அவ பகிடி விட்டது அவருக்குக் காணும். அந்தச் சீலையையே வாங்கிக்கொண்டு வெளிக்கிட்டினம்.

பருத்தித்துறையிலை வடை வாங்காமல் போனால் அந்தப் பயணம் பயணமில்லை. தட்டையாய், மொறுமொறுவெண்டு, உறைப்பாய் இருக்கிற அந்த வடையை ஆரணி பை நிறைய வாங்கினாள். தயாளினியும் ஒண்டை எடுத்துக் கடிச்சா. நொறுக்கெண்டு வான் முழுக்கக் கேட்டுது. எல்லாற்றை கண்ணும் அவவின்ரை வாயிலைதான்.

"சத்தம் நல்லாய்க் கேக்குது" எண்டா.

மிச்சத்தை மெல்லப் பைக்குள்ளை வைச்சிட்டுக் கண்ணாடிக்குள்ளாலை வெளியிலை பாத்துக்கொண்டு வந்தா. சிவதர்ஷன் பாட்டுப் போடக் கையை நீட்டினான். "வேண்டாம், தம்பி" எண்டார் மாமனார்.

மணற்காட்டிலை அடைக்கலநாதன்ரை மனுசி ஜெசிதா படலையிலையே காத்துக்கொண்டு நிண்டவ. தயாளினியைக் கட்டிப்பிடிச்சு, "அக்கா, அந்தோனியாரிட்டை உங்களுக்கு மெழுகுதிரி கொளுத்தாத செவ்வாய்க்கிழமை இல்லை" எண்டா. தயாளினி சைவ சமயம்தான். அதுக்கென்ன, ஆர் ஆரிட்டை நேந்தாலும் நேத்தி நேத்திதானே. இப்பிடி ஆக்கள் கிடைக்கவும் குடுத்துவைச்சிருக்க வேணும் எண்டு சோமசேகரத்தார் கண்ணைத் துடைச்சுக்கொண்டார்.

அண்டு பின்னேரம் தயாளினி கடலுக்குள்ளை முழங்காலளவு தண்ணியிலை கனநேரம் நிண்டா. முகம் தெளிஞ்சு கிடந்துது. ஆனால் இராச் சாப்பாட்டுக்கு ஜெசிதா வைச்ச நண்டுக் கறியிலை ஒரு காலை மட்டும் உடைச்சுப் பாத்திட்டு எழும்பிட்டா. சோமசேகரத்தாருக்கும் சோறு இறங்கேல்லை.

அடுத்த நாள் கூழ். கடற்கரைக்கு வந்தால் ஒரு நாள் கூழ் காய்ச்ச வேணும், அதுவும் ஆம்பிளையள்தான் காய்ச்ச வேணும், பொம்பிளையள் காலை நீட்டிக்கொண்டு இருக்கிறது. அது தயாளினி போட்ட சட்டம். சவுக்கமர நிழலிலை மூண்டு கல்லு வைச்சு, பெரிய பானை ஏத்தியாச்சு. அடைக்கலநாதன் விடியக் கொண்டுவந்த மீனும் நண்டும் றாலும், அதோடை பயித்தங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு. ஊறப்போட்டுக் காறல் எடுத்த பனங்கிழங்கு ஒடியல் மாவும் புளியும் கரைச்சு வைச்சுக் கிடந்துது.

இனித்தான் வந்துது வில்லங்கம். அந்த வீட்டுப் பழக்கத்திலை அடுப்படியிலை நிக்கிற ஆள் வாயிலை வைச்சுப் பாக்கப்படாது, அது எச்சில். வேறை ஆள்தான் உப்புப் பாக்கிறது. அந்த வேறை ஆள் எப்பவும் தயாளினிதான். உள்ளங்கையிலை ரெண்டு சொட்டு வாங்கி நக்கிப்போட்டு, "காணாது" எண்டால் காணாது, "காணும்" எண்டால் காணும். அப்பீல் இல்லை. இப்ப அவவைக் கூப்பிட்டால் வெந்த புண்ணிலை வேல் பாய்ச்சின மாதிரி. வேறை ஆரையும் கூப்பிட்டால் அவவின்ரை கண்ணுக்கு முன்னாலை அவவின்ரை இடத்தைப் பறிச்ச மாதிரி. வருத்தம் வந்த நாள் தொட்டு அந்த வீட்டிலை உப்பெண்ட சொல்லையே ஒருத்தரும் வாயாலை எடுக்கிறேல்லை.

அதாலை ஒருத்தரும் ஒருத்தரிட்டையும் கேக்கேல்லை. சோமசேகரத்தார் ஒரு பிடி உப்பை அள்ளிப் போட்டிட்டு, கூழ் குடிக்கிற பிளா மடிச்சுக் கோல ஓலை வெட்டப் போனார். மாமா மறந்துபோனார் எண்டு நினைச்சு சிவதர்ஷன் சத்தம் போடாமல் ஒரு பிடி போட்டான். ரெண்டு ஆம்பிளையளும் எங்கை போட்டிருக்கப் போயினம் எண்டு ஆரணி தன்ரை பங்குக்கு ஒரு பிடி. அதுக்கு முதலே நண்டை அவிக்கேக்கை அடைக்கலநாதன் உப்புப் போட்டுத்தான் அவிச்சவர். அன்பிலை பிறந்த விசர்வேலை, வேறை என்ன சொல்லுறது?

கூழ் தடிச்சு, ஆவி பறக்க இறங்கிச்சுது. பனையோலைப் பிளாவிலை வாத்துக் கையிலை கையிலை குடுத்தாச்சு. முதல் முறடு குடிச்சது அடைக்கலநாதன். விழுங்கிப்போட்டு ஆகாசத்தைப் பாத்தார். சிவதர்ஷன்ரை கண்ணாலை தண்ணி வந்திட்டுது. சோமசேகரத்தாருக்குத் தொண்டை எரிஞ்சுது. ஒருத்தரை ஒருத்தர் பாத்தினம். தயாளினிக்குத்தான் ஒண்டும் தெரியாதே, ஏன் நல்ல நாளைக் குழப்புவான்?

"நல்ல கூழ்" எண்டார் சோமசேகரத்தார்.

"திறம் கூழ், மாமா" எண்டு சிவதர்ஷன் தண்ணிப் போத்தலைத் தேடினான்.

தயாளினி பிளாவைக் கையிலை வைச்சுக் கொஞ்ச நேரம் பாத்துக்கொண்டிருந்தா. மற்றவையின்ரை மனம் நோகப்படாதெண்டு, மருந்து குடிக்கிற முகத்தோடை ஒரு முறடு குடிச்சா. முகம் சுருங்கிச்சுது.

"ஆர் இதுக்கு உப்புப் போட்டது?"

எங்கடை முழியைப் பாத்துப் பிடிச்சிட்டாவாக்கும் எண்டு சோமசேகரத்தார் நினைச்சார். "ஏனப்பா, அளவாய்த்தானே கிடக்கு" எண்டு கூசாமல் ஒரு பொய்யை விட்டார்.

"அளவோ? வாயிலை வைக்கேலாமல் கரிக்குது! கடல் தண்ணியை அள்ளி ஊத்தினனியளோ? இத்தினை பேர் நிண்டு ஒரு கூழை..."

கதை பாதியிலை நிண்டுது. கை தானாய் வாய்க்குப் போச்சு.

"கரிக்குது" எண்டா திரும்பவும், மெல்லமாய். "இஞ்சாருங்கோ... எனக்குக் கரிக்குது."

இன்னொரு முறடு குடிச்சா. கண்ணை மூடிக்கொண்டு நாக்கைச் சுழட்டிப் பாத்தா. "உறைப்புத் தெரியேல்லை. புளி கொஞ்சம், ஒரு மூலையிலை. உப்பு வடிவாய்த் தெரியுது."

ஆரணி தாயின்ரை கழுத்தைக் கட்டிக்கொண்டு குழறினாள். ஜெசிதா சிலுவை போட்டுக்கொண்டு "அந்தோனியாரே, அந்தோனியாரே" எண்டா. ஒப்பரேசன் அண்டைக்கும் ஆசுப்பத்திரி வாசலிலை மரம் மாதிரி நிண்ட சோமசேகரத்தார், மணலிலை குந்தியிருந்து சின்னப் பிள்ளை மாதிரி விம்மி விம்மி அழுதார். அம்மாளாச்சிக்கு நன்றி சொன்னார், அந்தோனியாருக்குச் சொன்னார், தெல்லிப்பழை டொக்டர்மாருக்குச் சொன்னார், அடைக்கலநாதன்ரை கையைப் பிடிச்சு அவருக்கும் சொன்னார். ஏனெண்டு கேட்டால் அவருக்கே தெரியாது. நன்றி சொல்ல ஆள் காணாமல் கிடந்துது.

"அழுகையைப் பிறகு பாப்பம். உப்பை அள்ளிக் கொட்டினது ஆர்?" தயாளினி விடுறதாய் இல்லை.

"நான் ஒரு பிடி" எண்டார் சோமசேகரத்தார்.

"நானும், மாமி."

"நானும் அம்மா."

"நண்டு அவிக்கேக்கை நானும் கொஞ்சம், அக்கா" எண்டு அடைக்கலநாதன் தலையைச் சொறிஞ்சார்.

"ஒருத்தருக்கும் வாய் இல்லையோ? கேட்டால் என்ன, முத்தோ கொட்டிப்போகும்? நல்ல மீன், நல்ல றால், எல்லாம் நாசம். தள்ளுங்கோ, தண்ணியும் மாவும் விட்டுச் சரிக்கட்டிப் பாப்பம்." சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அகப்பையைப் பறிச்சு, எல்லாரையும் வரிசையாய்ப் பேசத் தொடங்கினா. அவ பேசப் பேச, அவையள் திருநீறு வாங்கிற மாதிரித் தலையைக் குனிஞ்சு கேட்டுக்கொண்டு நிண்டினம்.

சோமசேகரத்தார் மூக்கைத் துடைச்சுக்கொண்டு எழும்பி வந்தார். "தண்ணி விட முதல் எனக்கு இன்னொரு பிளா வாத்துத் தாரும்."

"உங்களுக்கென்ன விசரோ? இந்த உப்புக்குப் பிறஷர் ஏறும்."

"ஏறட்டும்" எண்டு மனுசன் பிளாவை நீட்டினார்.