வைக்கோலுக்கு அழுத ஊர்

போடி சந்தையில் அந்த வாரம் ஏலக்காயை விட வேகமாகக் கைமாறியது ஒரு செய்தி. குரங்கணிக்கு மேலே ஒரு கரடி தமிழ் பேசுகிறதாம்.

நேரில் பார்த்தவர் உண்டா என்று விசாரித்தேன். சுமை தூக்கும் சின்னச்சாமியைக் கை காட்டினார்கள்.

“என்னண்ணே பேசுச்சு?”

“தீப்பெட்டி இருக்கான்னு கேட்டுச்சு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“கரடிகிட்ட என்னத்தச் சொல்ல? மூட்டையப் போட்டுட்டு ஓடியாந்துட்டேன். மூட்டைய அது தொடக்கூட இல்லப்பா. யோக்கியமான கரடி.”

பீடி பற்றவைக்கிற, அடுத்தவன் மூட்டையைத் தொடாத ஒரு ஜீவன் இந்தத் தாலுகாவில் இருக்கிறதென்றால், அதைப் பார்க்காமல் இருப்பது பாவம். ஒரு தீப்பெட்டி வாங்கிக்கொண்டு மலை ஏறினேன்.

காய் உலர்த்தும் கொட்டகைக்குப் பின்னால், தகரம் வேய்ந்த குடிசை வாசலில் அது உட்கார்ந்திருந்தது. தலையில் துண்டு. துண்டுக்குக் கீழே ஒரு கண், பாதி மூக்கு. இடது கன்னம் இருக்க வேண்டிய இடத்தில் சுருங்கிய தோல்.

“பயமா இருந்தா அந்தப் பக்கம் திரும்பி உக்காந்து பேசுங்க. எனக்குப் பழக்கந்தான்” என்றது.

கரடியின் பெயர் காசிமாயன். அடிவாரத்து ஊர் ஒன்றில் வயலும் கிணறும் உள்ள சம்சாரி. ஊரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் மற்ற ஊர்க்காரர்கள் தங்களை யோக்கியர்கள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

மழை பொய்த்த வருஷம் ஏலக்காட்டுக் காவலுக்குப் போனார். விடியற்காலையில் புதருக்குள்ளிருந்து நிஜக் கரடி எழுந்து, முகத்தில் கை வைத்தது. மரம் வெட்ட வந்த மலையாளத்து ஆட்கள் அவரைத் தூளி கட்டி, கிட்டத்தில் இருந்தது என்பதால் மேற்குப் பக்கம் தூக்கிப்போய் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் போட்டார்கள். தாடை உடைந்து பேச்சில்லை. எழுத்தும் தெரியாது. எந்த ஊர் என்று அவராலும் சொல்ல முடியவில்லை, அவர்களும் கண்டுபிடிக்கவில்லை.

இந்தப் பக்கம் தேடிப்போனவர்களுக்குக் கிடைத்தது ரத்தம் தோய்ந்த வேட்டி. உடல் கிடைக்காதவனுக்கு வைக்கோலில் ஆள் செய்து எரிப்பது வழக்கம். எரித்தார்கள். பதினாறாம் நாள் கருமாதியும் முடித்து, மனைவி ஆயம்மாளின் தாலியை இறக்கினார்கள். பிள்ளையில்லாத அக்காளைத் தம்பி சின்னமுத்து தன் வீட்டுக்கு அழைத்துப்போனார். அக்காளோடு மச்சான் வயலும் கிணறும் அவர் பராமரிப்புக்கு வந்து சேர்ந்தன.

தாடை கூடி, பேச்சு வந்து, காசிமாயன் ஊர் திரும்பியபோது பெரியவர்கள் கூடினார்கள். கருமாதி முடிந்தவன் திரும்பி வந்தால் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. தெரியாததால் தீர்ப்பு வெரசாக வந்தது: வீடு ஏறக்கூடாது.

“எரிச்சது வைக்கோல மாமா. அதுக்கு அழுதீங்கள்ல, அந்த அழுகையில பாதிய எனக்குக் குடுங்க, போதும்” என்று கேட்டிருக்கிறார். அழுகையைத் திருப்பித் தருகிற வழக்கம் எங்கும் இல்லை. மலைக்கே திரும்பி, எஸ்டேட் கொட்டகைக் காவலுக்குச் சேர்ந்துவிட்டார்.

“ஆளுக பாத்து ஓடுறாங்களே, வருத்தமா இல்லையா?” என்றேன்.

“ஓடுறவன் ஓடட்டும். ‘ஐயோ கரடி’ன்னு ஓடாம ‘ஐயோ காசிமாயன்’னு ஓடுனாப் போதும்.”

ஆயம்மாள் விடவில்லை. பெரியவர்கள் வீட்டு வாசல்களில் போய் நின்றாள். ஒருவழியாக ஒரு சலுகை கிடைத்தது: மாசித் திருவிழாவில், ஊர் எல்லைச் சாமி சன்னதியில், மைத்துனன் திருநீறு பூசிப் பெயர் சொல்லி அழைத்தால் செத்தவன் உயிரோடிருப்பதாக ஊர் ஏற்கும். தாலியும் மறுபடி ஏறும்.

அன்றைக்கு நானும் போயிருந்தேன். காசிமாயன் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, துண்டால் முகம் மூடி ஊர் எல்லையில் நின்றார். கொட்டு நின்றது. சின்னமுத்து திருநீற்றுத் தட்டோடு வந்தார்.

“துண்ட எடுங்க. எங்க மச்சான்தானான்னு பாக்கணும்ல.”

துண்டை எடுத்தார். கூட்டம் பின்வாங்கியது.

“இது எங்க மச்சான் மூஞ்சி இல்லப்பா” என்றார் சின்னமுத்து.

அதில் பொய்யே இல்லை.

“மூஞ்சிதான் போச்சு மாப்ளே” என்றார் காசிமாயன். “முதுகு நம்ம வயல்ல காஞ்ச முதுகு. அதப் பாத்துச் சொல்லு.”

சொல்லிவிட்டுத் திரும்பி நின்றார். கிணற்றில் கமலை இறைத்த கயிறு தோளில் போட்ட தழும்பு எல்லோருக்கும் தெரிந்தது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த முதுகுக்கு ஒரு வயலும் கிணறும் பாத்தியதை உண்டே!

பெண்கள் கூட்டத்தின் கடைசியிலிருந்து ஆயம்மாள் கத்தினாள்: “எம் புருசன்தான்! எனக்குத் தெரியாதா?”

பெரியவர் ஒருவர் அதட்டினார்: “சாமி காரியத்துல தாலியில்லாதவ முன்னால வரக்கூடாது ஆத்தா. பின்னால போ.”

புருஷன் உயிரோடிருக்கிறான் என்று சொல்ல அவளுக்குத் தாலி வேண்டும். தாலி வேண்டுமென்றால் புருஷன் உயிரோடிருக்க வேண்டும். இவ்வளவு நுணுக்கமாகச் சட்டம் எழுத டெல்லியில் ஆள் இல்லை.

காசிமாயன் திரும்பவே இல்லை. வந்த வழியே, முதுகைக் காட்டியபடி மலை ஏறினார். கொட்டு மறுபடி முழங்கியது.

அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு அந்தக் குடிசையிலேயே இறந்துபோனார். எஸ்டேட் ஆட்கள் குழி வெட்டினார்கள். சவத்தின் மேல் போர்த்த மைத்துனன் வீட்டிலிருந்து கோடித்துணி வரவேண்டும், வரவில்லை. அவர்களே போடிக்கு இறங்கி, ஜவுளிக்கடை ராஜாராமிடம், “சம்பந்தக்காரங்க தந்துருவாங்க” என்று சொல்லி நாலு முழம் வாங்கிப்போய்ப் போர்த்தினார்கள்.

ராஜாராம் சின்னமுத்துவிடம் துணிக்காசு கேட்டார்.

“எங்க மச்சானுக்கு நான் அப்பவே கோடி போட்டாச்சு. ஒரு ஆளுக்கு எத்தன கோடி?”

ஆயம்மாள் முந்தானையில் முடிந்த காசோடு கடைக்கு வந்தாள். ராஜாராம் கையை இழுத்துக்கொண்டார்.

“கோடிக்காசு பொண்டாட்டிகிட்ட வாங்குனா கடைக்கு ஆகாது தாயி. ஒந் தம்பியக் குடுக்கச் சொல்லு.”

சின்னமுத்து இப்போது சந்தைக்கு, ஜவுளிக்கடைத் தெருவை விட்டு அடுத்த தெரு வழியாகப் போகிறார். கொடுத்தால், இடைப்பட்ட காலத்தில் ஒருவன் உயிரோடிருந்தான் என்று ஆகிவிடும். நாலு முழத்துக்கான காசு இன்னும் பாக்கி நிற்கிறது.