வலது இடுப்பைப் பற்றிய ஒரு வரி

அந்த எக்ஸ்ரே படத்தை டாக்டர் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோது அறையில் இருந்தது மூன்று பேர்: டாக்டர், அத்தை, நான். அம்மா வரவில்லை, அயனம்பாக்கத்தில் அவள் சமைக்கப் போகும் வீட்டில் அன்று பிறந்தநாள் விருந்து. அப்பா மருத்துவமனைவரை வந்தார், வராந்தாவோடு நின்றுகொண்டார். "நீ படிச்சவன், நீ கேட்டுக்கினு வா நைனா. எனக்கு இன்னா தெரியப் போவுது" என்றார். எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். கரண்ட் பில், ரேஷன் கார்டு, பேங்க்கிலிருந்து வரும் கடிதம், எந்தத் தாளானாலும் என் கைக்குத்தான் வரும். அன்று வந்தது அத்தையின் இடுப்பு.

அத்தை அப்பாவுக்கு அக்கா. மாமா போன பிறகு கோவில்பதாகையில் எங்களோடு வந்து சேர்ந்தவள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் பிரஸ் மிஷின் ஓட்டினாள். தகட்டை இரண்டு கையாலும் உள்ளே வைத்து, வலது காலால் பெடலை மிதித்தால், மேலிருந்து அச்சு இறங்கி வெட்டும். காலையிலிருந்து மாலை வரை மிதி, மிதி, மிதி. மிதிக்கிற கால் வலது என்பதால் உடம்பைத் தாங்கி நின்றது இடது கால். இருபத்திரண்டு வருஷம் அப்படி நின்றாள். நான் படித்த படிப்புக்கு ஃபீஸ் அந்தக் காலிலிருந்துதான் வந்தது. இடது இடுப்பு வலிக்கத் தொடங்கியபோது யாரிடமும் சொல்லாமல் பெடலை இடது பக்கம் தள்ளி வைத்துக்கொண்டு, வலது காலில் நின்று இன்னும் மூன்று வருஷம் ஓட்டினாள். இதை டாக்டரிடம் பெருமையாகச் சொன்னாள். டாக்டர் சிரிக்கவில்லை.

இடது இடுப்பு மூட்டை மாற்றியே ஆகவேண்டும் என்றார். படத்தோடு ஒரு தாளும் கொடுத்தார்கள். பஸ்ஸில் வரும்போது பிரித்துப் படித்தேன். கடைசி வரியில், வலது இடுப்பிலும் தேய்மானம் ஆரம்பித்திருக்கிறது என்று ஆங்கிலத்தில் அடித்திருந்தது. ஒரே ஒரு வரி.

"இன்னாடா போட்டுகீது?" என்று அத்தை கேட்டாள்.

"இடது பக்கம் மாத்தணும்னு போட்டிருக்கு அத்தே."

"வலது?"

"அது நல்லா இருக்கு."

அந்தப் பொய்யை நான் யோசித்துத்தான் சொன்னேன். இரண்டும் போய்க்கொண்டிருக்கிறது என்று தெரிந்தால் ஒன்றை மாற்றி என்ன ஆகப்போகிறது என்று எழுந்து வேலைக்குப் போய்விடுவாள். அவளை எனக்குத் தெரியும். முதலில் இது முடியட்டும், அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

ஆபரேஷன் அரசு மருத்துவமனையில், காப்பீட்டில் நடந்தது. மறுநாளே வாக்கரைப் பிடித்து எழுந்து நின்றாள். வார்டில் இருந்தவர்களிடமெல்லாம், "எனக்கு இஸ்டீல்ல பண்ணி வெச்சிகீறாங்க, இனிமே நான் போனாலும் அது போவாது" என்று சொல்லிச் சிரிக்க வைத்தாள். வீட்டுக்கு வந்து, தரையில் உட்காராமல், சம்மணம் போடாமல், டாக்டர் சொன்னதை எல்லாம் ஒழுங்காகக் கேட்டாள். வாக்கர் போய்க் கைத்தடி வந்தது. எல்லாரும் இடது காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் வலது காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது எனக்கு ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டது. காலையில் அவள் வாசலிலிருந்து தெருக்குழாய் வரை நடந்துவிட்டு வருவாள். நான் உள்ளே சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டே அந்த நடையைக் காதால் அளப்பேன். தடி, இடது, வலது. தடி, இடது, வலது. மூன்றாவது மாதத்தில் வலது பாதம் விழுவது மாறியது. மிதிக்கவே தயங்குகிற மாதிரி கொஞ்சம் தாமதமாக, தேய்த்துக்கொண்டு விழுந்தது. திரும்பி வரும்போது கேட்டைப் பிடித்து ஒரு நிமிஷம் நிற்பாள். நான் எட்டிப் பார்த்தால் உடனே கோலத்தைப் பார்ப்பதுபோல் தலையைக் குனிந்துகொள்வாள். "வலிக்குதா அத்தே?" என்றால், "வெயில்டா" என்பாள். மழை தூறிக்கொண்டிருக்கும்.

அவளுக்கு வலிக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. அதை என்னிடம் மறைக்கிறாள் என்பதும் தெரிந்தது. நானும் ஒன்றை மறைத்து வைத்திருந்ததால் அதற்குமேல் கேட்கத் தைரியம் இல்லை. ஒரே வீட்டில், ஒரே பயத்தை, ஆளுக்கொரு பக்கம் ஒளித்து வைத்துக்கொண்டு நாங்கள் சாப்பிட்டோம், டிவி பார்த்தோம்.

கம்பெனியில் அவளுக்கு ஒரு இடம் வைத்திருந்தார்கள். மிஷின் வேண்டாம், வெட்டி வரும் பீஸ்களை உட்கார்ந்தே பார்த்துப் பொறுக்குகிற மேசை. சூப்பர்வைசர் இரண்டு தடவை போன் செய்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தை ஒரு வெள்ளைத்தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"நின்னுக்கறேன்னு ஒரு லெட்டர் எழுதுடா. உடம்பு ஒத்துக்கலன்னு போடு."

ஏன் என்று நான் கேட்டிருக்க வேண்டும். எஸ்டேட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி அரைக் கிலோமீட்டர் நடக்க வேண்டும். நடுவழியில் வலது காலும் மடங்கிவிட்டால் என்ன செய்வது என்று நானும் நினைத்திருந்தேன். அதனால் கேட்கவில்லை. அழகான கையெழுத்தில் எழுதினேன். இருபத்திரண்டு வருஷ வேலை என்று எழுதப்போனவனை நிறுத்தி, "இருவத்தஞ்சு. பெடல மாத்திக்கினு ஓட்டுனதையும் சேரு" என்றாள். கையெழுத்துப் போட அவளுக்கு நான் எட்டாவது படிக்கும்போது கற்றுக்கொடுத்திருந்தேன். நிறுத்தி நிதானமாகப் போட்டாள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு மாலையில் அப்பா வாசலில் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். ஆவடி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். அத்தை குழாயடியிலிருந்து வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "இன்னாக்கா நீ, ஒரு பக்கம் லோடு ஏத்துன லாரி மாதிரி சாஞ்சிகினு வர்ற?" என்றார்.

"நீ உன் லாரியப் பாத்துக்கினு போ" என்றாள் அத்தை.

"இல்லக்கா. காலு நொண்டல. ஆளே சாயுது."

மூன்று மாதமாகக் காதால் அளந்த எனக்கு அது தெரியவில்லை. அடுத்த நாளே கிளம்பினோம். இந்தத் தடவை அப்பாவும் உள்ளே வந்தார்.

புதுப் படத்தை டாக்டர் பழைய படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "வலது அப்படியேதான் இருக்கு. ஒண்ணும் கூடல" என்றார். பிறகு அத்தையைச் சுவரோரம் நிற்கவைத்து, இடுப்பின் இரண்டு பக்கமும் கை வைத்துப் பார்த்தார். ஒரு டப்பாவிலிருந்து மெல்லிய மரப்பலகை ஒன்றை எடுத்து அவள் வலது பாதத்துக்குக் கீழே வைத்தார். இன்னொன்று வைத்தார். "இப்ப எப்படிம்மா இருக்கு?"

அத்தை இரண்டு காலிலும் மாற்றி மாற்றி அழுத்தி நின்று பார்த்தாள். "நேரா கீது" என்றாள்.

ஆபரேஷன் செய்த கால் கொஞ்சம் நீளமாகியிருந்தது. சிலருக்கு அப்படி ஆகும், வலது பக்கம் வலித்தது அந்தச் சாய்வால்தான், வலது செருப்பைச் சற்று உயர்த்திப் போட்டால் போதும் என்றார் டாக்டர். வலது மூட்டு பல வருஷம் ஓடலாம், ஓடாமலும் போகலாம், வருஷத்துக்கு ஒரு தடவை வந்து காட்டுங்கள் என்றும் சொன்னார்.

வராந்தாவில் அத்தை பெஞ்சில் உட்கார்ந்தாள். "மிஷின் ஒரு பக்கம் ஆடிச்சினா நானே கீழ தகடு வெச்சி லெவல் பண்ணுவேன்டா. இல்லாட்டி இந்தாண்ட தேஞ்சிடும்னு புதுசா வர்ற பொண்ணுங்களுக்கெல்லாம் சொல்லுவேன். என் காலுக்குத் தோணல பாரேன். அதுவும் போச்சுன்னே நெனச்சிட்டேன்."

அப்போதுதான் நான் அந்த வரியைச் சொன்னேன். முதல் நாளே படித்ததை, பஸ்ஸில் பொய் சொன்னதை, எல்லாவற்றையும். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அத்தை என்னையே பார்த்தாள்.

"அப்ப நான் லெட்டர் எழுதச் சொன்னப்போ, நீயும் அதையே நெனச்சிக்கினுதான் எழுதுனியா?"

நான் தலையாட்டினேன். அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அன்று மதியமே சூப்பர்வைசருக்குப் போன் செய்தேன். அந்த மேசைக்குப் போன வாரம்தான் வேறு ஆள் போட்டதாகச் சொன்னார், கணக்கும் முடித்தாகிவிட்டதாம்.

இரண்டு படங்களும் இப்போது ஒரே மஞ்சள் உறையில் பீரோவுக்கு மேல் இருக்கின்றன. எப்போதாவது எடுத்து, டாக்டரைப் போலவே ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்ப்பேன். வெள்ளையாக, இரண்டு இடுப்பு. எனக்கு அதில் ஒன்றும் புரியாது, அன்றும் புரியவில்லை. தாளில் இருந்ததைப் படிக்கத் தெரிந்ததை வைத்துப் புரிந்ததாக நினைத்துக்கொண்டேன். அத்தை காலையில் தடி இல்லாமல் நடக்கிறாள். நான் இன்னும் காதை அங்கேதான் வைத்திருக்கிறேன். இப்போது வலிக்கிறதா என்று வாய்விட்டுக் கேட்கிறேன். அவளும் வலித்தால் வலிக்கிறது என்கிறாள்.

அன்று மருத்துவமனையிலிருந்து திரும்பும் வழியில் ஆவடி பஸ் ஸ்டாண்டு எதிரே செருப்புத் தைப்பவரிடம் அவள் வலது செருப்பைக் கழற்றிக் கொடுத்தோம். டாக்டர் வரைந்து கொடுத்த அளவுக்கு ரப்பரை வெட்டி, அடியில் ஒட்டி, சுற்றித் தைத்துக் கொடுத்தார். எண்பது ரூபாய் கேட்டார். அத்தை பேரம் பேசி எழுபதுக்கு முடித்தாள்.