தாளில் குறைந்த கால்சியம்

தையல்காரரின் மனைவி கட்டிலோரம் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்துவிட்டால், பெரிய டாக்டரம்மா அந்தக் கட்டிலைக் கடைசியாகத்தான் பார்ப்பார். மற்றவர்களையெல்லாம் பார்த்து முடித்து, செருப்புச் சத்தம் கேட்காமல் வருவார். நர்ஸ் சொல்லித்தான் பிற்பாடு அவளுக்கு இது தெரிந்தது.

அப்போது தையல்காரருக்கு முகமும் காலும் பொதபொதவென்று வீங்கியிருந்தன. சிறுநீரில் புரதம் ஒழுகிப் போகிறது என்றார்கள். ஒருநாள் காலை வந்த ரத்தப் பரிசோதனைத் தாளில் கால்சியத்துக்கு நேரே, குறைவு என்று சிவப்பில் குறி. பக்கத்துக் கட்டிலுக்குத் துணைக்கு வந்தவர் எட்டிப் பார்த்து, "கால்சியம் குறைஞ்சா வலிப்பு வரும், தெரியுமில்ல?" என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் தாளைக் கையில் எடுத்துக்கொண்டாள். டாக்டரம்மா வந்ததும் வழிமறித்தாள்.

"ஊசி போடுங்கம்மா. தாள்லயே போட்டிருக்கே, கண்ணுக்குத் தெரியலையா?"

வார்டே திரும்பிப் பார்த்தது. டாக்டரம்மா முகம் சுளிக்காமல் கட்டிலில் உட்கார்ந்தார்.

"ரத்தத்துல கால்சியம் பாதி புரதத்து மேல சவாரி பண்ணும்மா. மீதி தனியா நடக்கும். உடம்புக்கு வேலை செய்யறது தனியா நடக்கறதுதான். இவருக்கு ஆல்புமின்ங்கற புரதம் குறைஞ்சிருக்கு, அதனால சவாரியும் குறைஞ்சிருக்கு. தாள் ரெண்டையும் சேர்த்துல்ல எண்ணுது, அதான் குறைவுன்னு காட்டுது."

அவள் முகம் தெளியவில்லை. டாக்டரம்மா ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைத் தையல்காரரின் கையில் சுற்றிக் காற்றேற்றி, இறக்காமல் வைத்திருந்தார்.

"நிஜமாவே குறைஞ்சிருந்தா, இப்படி இறுக்கி வெச்சா பெரும்பாலும் விரல் தானா மடங்கி இழுத்துக்கும். பாருங்க."

கடவுளைக் கூப்பிட்டுக்கொண்டே அவள் அந்த விரல்களைப் பார்த்தாள். வீட்டில் அடுப்பு எரிவதே அவற்றால்தான்.

"கல்யாணத்தன்னிக்குக்கூட இவ இந்தக் கையை இப்படிப் பார்க்கல, டாக்டரம்மா," என்றார் தையல்காரர்.

"வாயை மூடிட்டு இருங்க," என்றாள்.

விரல்கள் மடங்கவில்லை. இதை மட்டும் நம்பிவிடக் கூடாது என்று, தனியாக நடக்கும் கால்சியத்தை அளக்க ரத்தம் எடுத்து, காற்றுப் படாமல் மூடி, கையோடு லேபுக்கு அனுப்பினார் டாக்டரம்மா. மத்தியானம் முடிவு வந்தது: சரியான அளவு. ஊசி போடவில்லை. வீக்கம் வடியத்தான் மாதக்கணக்கானது.

அந்த மாதங்களை இப்போது நினைத்தாலும், அவளுக்கு மருந்து வாடை முதலில் வருவதில்லை. டாக்டரம்மாவின் தணிந்த குரல்தான் வருகிறது.

அவர் ஓய்வு பெற்ற அன்று இருவரும் போனார்கள். அவளுக்கு அழுகைதான் வந்தது. டாக்டரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அழாதீங்கம்மா. எனக்கப்புறம் வர்றவர் கெட்டிக்காரர்தான், ஆனா வயசு கம்மி. என்னை அதட்டின மாதிரி அவரை அதட்டிடாதீங்க, பாவம்."